வான் பார்க்க வருகிறவர்களுக்கு

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

இரணைமடு வான் பாயுதாம் என்று ஒருவர் சொன்னால் போதும், அன்று பின்னேரம் கிளிநொச்சியில் பாதிச் சனம் குளக்கட்டில் நிற்கும். கட்டு நீளத்துக்கு மோட்டார் சைக்கிள்கள், கச்சான் விற்கிறவர், ஐஸ்கிறீம் வான், யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வான் பார்க்க வந்த குடும்பங்கள். (வேற்று மொழிக்காரனுக்கு இந்த வசனத்தை விளங்கப்படுத்திப் பாருங்கள்.) குளத்தின் வான் கதவுகளுக்குக் கீழே நுரைத்துப் பாயும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று நீங்கள் படம் எடுப்பீர்கள். நான் கொஞ்சம் தள்ளி, கழுத்தில் ஒரு பழைய தொலைநோக்கியோடு நிற்பேன். சிலர் என்னை நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆள் என்று நினைத்து எத்தனை அடி என்று கேட்பதுண்டு.

போன மார்கழியில் உங்களில் ஒருவர் வேறு கேள்வி கேட்டார். பதினாறு, பதினேழு வயதிருக்கும். "சேர், இவ்வளவு தண்ணி நிக்குது, ஒரு கொக்கைக்கூடக் காணேல்லை. ஏன்?" அன்று வாடைக்காற்று, பாட்டுப் பெட்டிச் சத்தம், தூறல். "பிறகு சொல்லுறன் தம்பி" என்றேன். அந்தப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறது. பெயர் கேட்டு வைக்காததால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பறவைக்குத் தேவை தண்ணீர் அல்ல, தண்ணீரின் ஓரம். எங்கள் ஊரில் அதற்கு நல்ல பெயர் இருக்கிறது: அலைகரை. கட்டுக்கு எதிர்ப்பக்கம், குளம் காட்டுக்குள் மெல்ல ஏறி முடியும் இடம். கொக்கும் நாரையும் உள்ளானும் நீந்துகிற சாதி இல்லை. அவற்றின் உலகம் காலின் நீளத்தோடு முடிந்துவிடும். சின்ன உள்ளானுக்கு இரண்டு விரல் தண்ணீர், வெள்ளைக்கொக்குக்கு ஒரு சாண், சங்குவளை நாரைக்கு முழங்கை அளவு. அதற்கு மேல் போனால் அந்தக் குளம் அதற்குக் குளமில்லை, கடல். 2018 மார்கழியில் திருத்திய குளத்தைத் திறந்தபோது நிற்கும் மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது. கட்டில் பார்த்தால் இரண்டடிதான். சரிவே இல்லாத அலைகரையில் அந்த இரண்டடி எவ்வளவு தூரம் மரங்களுக்குள் ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். குளம் நிறைந்தால் கமக்காரருக்கு நிம்மதி. கொக்குக்கு அன்று இடப்பெயர்வு.

ஆக, நீங்கள் வருகிற நாள்தான் இரணைமடுவில் பறவை மிகக் குறைந்த நாள். முங்கி மீன் பிடிக்கிற நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நிற்கும், மேலே செம்பருந்து ஒன்று சுற்றும். அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எங்கே போனது? அதற்கு நீங்கள் பார்த்து நின்ற அதே தண்ணீரின் பின்னால் போக வேண்டும். இரணை மடு என்ற பெயரே ஓர் ஆற்றோரத்து மடுக்களால் வந்தது. கனகராயன் ஆற்றின் இரு பக்கமும் கிடந்த இரண்டு மடுக்களைச் சேர்த்துத்தான் பிரித்தானியர் காலத்தில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தக் கட்டைக் கட்டினார்கள். வானால் பாயும் தண்ணீர் மறுபடி அந்த ஆற்றிலேயே விழுந்து, ஊர்களையும் வயல்களையும் தாண்டிச் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போய்ச் சேர்கிறது. பறவைகளில் பாதி அந்த வழியில் வயல்களில் நிற்கும், மீதி கடனீரேரியில். காலபோக நெல்லுக்கு மேலே மீசை ஆலாக்கள் தாழப் பறந்து பூச்சி பிடிப்பதை, டிப்போச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தைவிடக் குறைவான நேரம் ஒரு வரம்பில் நின்றாலே பார்க்கலாம்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமானது. இலங்கையில் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்த கையோடு அறிவித்த இடங்களில் அதுவும் ஒன்று. 2015 ஆனியில் அதைப் பெருப்பித்துத் தேசியப் பூங்காவாக்கினார்கள், 19,565 ஹெக்டயர். அந்த அறிவிப்பைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கரைவலை இழுக்கிறவனுக்கும் வயல்காரனுக்கும் தங்கள் பாடும் காணியும் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போன கவலை சின்னக் கவலை இல்லை. நந்திக்கடலையும் நாயாற்றையும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவித்தபோதும் அதே கவலைதான். இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து திரும்பி வந்தவனிடம் இது பறவைக்குரிய நிலம் என்று ஒரு கல்லைக் காட்டினால் அவன் பறவையைத்தான் வெறுப்பான். பறவை பார்க்கிறவர்கள் இதை விளங்கிக்கொள்ளாமல் மீனவரைக் குறைசொல்லி எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். கடனீரேரியில் எனக்குப் பறவை காட்டித் தந்தவர் ஒரு மீனவ ஐயா. ஆலாக்கள் எந்த உயரத்திலிருந்து விழுகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் அவர் வலையை எங்கே இறக்குவது என்று முடிவு செய்வார். "அதுகள் எனக்கு முந்தியே விடிய வந்து பாத்திட்டுதுகள்" என்பார்.

தையிலும் மாசியிலும் அங்கே போங்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் போய் இடப்பக்கம் திரும்பினால், புளியம்பொக்கணை நாகதம்பிரானைத் தாண்டியதும் காற்றில் உப்பு மணக்கும். மழை நின்று, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து கிடந்தது வெயிலில் வற்றி உறைக்கத் தொடங்குகிற காலம். ஊசிவால் தாராக்களும் நீலச்சிறகிகளும் தூரத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். கிட்டப் போனால் அந்தக் கோடு அசையும். பூநாரைகள் அதற்கும் அப்பால். ஆனையிறவில் ஏ9 வீதியிலிருந்தே சில நாட்களில் தெரியும், ஆனால் பஸ் யன்னலால் பார்ப்பது பார்ப்பதில்லை.

பூநாரை சாப்பிடுவதை ஒருமுறை ஆறுதலாகப் பாருங்கள். தலையை முழுக்கக் கவிழ்த்து, மேல் அலகு கீழாகும்படி தண்ணீருக்குள் வைக்கும். நாக்கு உள்ளே பம்பி மாதிரி முன்னும் பின்னும் போகும். தண்ணீர் வெளியே வர, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற தட்டுக்களில் சின்ன இறால் குஞ்சும் பாசியும் தங்கும். அந்தச் சாப்பாட்டில் உள்ள நிறம்தான் அதன் செட்டையில் ஏறுகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல். பெருங்கூட்டமாக அவை கூடு கட்டுகிற இடம் குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளி. அங்கே சேற்றைக் குவித்து மேடு கட்டி, மேடொன்றுக்கு ஒரு முட்டை.

இப்போது நான் செய்த ஒரு மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும். படிப்பிக்கிற காலத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். தூரத்தில் நின்றால் பூநாரை வெள்ளையாகத்தான் தெரியும். சிவப்பு, செட்டையை விரித்தால்தான். பிள்ளைகள் "சேர், இது சிவப்பில்லையே" என்று முகத்தைச் சுளித்தார்கள். நான் என்ன செய்தேன்? சேற்றில் நடந்து முன்னே போய்க் கை தட்டினேன். கூட்டம் முழுக்க எழும்பியது. வானத்தில் தீப்பிடித்த மாதிரி. பிள்ளைகள் கத்தினார்கள், நான் பெருமையில் பூரித்தேன். திரும்பி வந்தபோது அந்த மீனவ ஐயா சொன்னது ஒரேயொரு வசனம்: "வாத்தியார், சாப்பிட்டுக்கொண்டிருந்ததுகளை எழுப்பிப்போட்டியள்."

உங்களில் சிலர் இப்போது அதே வேலையை ட்ரோனால் செய்கிறீர்கள். படம் வடிவாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் எழும்பிப் பறக்கிற ஒவ்வொரு படத்திலும் எனக்கு என் கைதட்டல்தான் கேட்கிறது. பனிக்காலத்தைக் கழிக்க வருகிற பறவைக்கு இங்கே ஒரு வேலைதான் உண்டு: தின்று கொழுப்பது. பங்குனியில் கறுப்புவால் மூக்கன்களைப் பார்த்தால் தெரியும், வந்தபோது சாம்பலாக மெலிந்திருந்தவை கழுத்து செங்கல் நிறமாகி உருண்டு நிற்கும். அந்தக் கொழுப்புத்தான் பயணத்துக்குப் பெற்றோல். எங்கே வரைக்கும் என்பீர்கள். பக்கத்து மன்னாரில் 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கடற்காகங்களுக்குச் சின்னக் கருவி பூட்டிவிட்டார்கள். அவை இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரஷ்யாவின் வடமுனையில் யமால் தீபகற்பம் வரை போயின. எங்களிடம் மீன்தலை கேட்டுக் கரையில் கத்துகிற கடற்காகம்தான் அது.

சித்திரை பிறக்க அவை போய்விடும். வெயில் ஏறும், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம் போகும், பிறகு சோளகம் தொடங்கிவிடும். புழுதியோடு நாள் முழுக்க ஒரே இரைச்சல். சிறுபோகத்துக்குத் துருசு திறந்திருக்கும், குளம் நாளுக்கு நாள் இறங்கும். கட்டில் ஒருவரும் இல்லை, கச்சான்காரரும் இல்லை. (சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று நாலு காற்று வைத்திருந்த சனம் நாங்கள். இன்று கச்சான் என்றால் கடலை மட்டும்.) குளம் வத்திப்போச்சு, பார்க்க ஒண்டுமில்லை என்று ஊரே சொல்கிற அந்த ஆடி, ஆவணியில்தான் நான் நாள் தவறாமல் போகிறேன்.

தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அலைகரை ஒவ்வொரு நாளும் ஒரு புது இடத்தில் இருக்கும். நேற்று முழங்கால் ஆழத்தில் கிடந்த சேறு இன்று வெளியே. பள்ளங்களில் அகப்பட்ட திலாப்பியாக் குஞ்சுகள் கொதிக்கிற மாதிரித் துள்ளும். சங்குவளை நாரைகள், கூழைக்கடாக்கள், கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் ஒரே பள்ளத்தைச் சுற்றிச் சந்தை கூடி நிற்கும். எங்கள் ஊர்ப் பறவைகள் இவை, ரஷ்யாவிலிருந்து வந்தவை அல்ல. அதனாலேயே ஒருவரும் மதிப்பதில்லை.

இந்த ஆடியில் ஒரு நத்தைகுத்தி நாரையோடு முக்கால் மணித்தியாலம் இருந்தேன். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், பாக்குவெட்டி வளைந்த மாதிரி. நத்தையை அந்த இடைவெளியில் வைத்து நெரித்து உடைக்கும் என்றுதான் நான் கனகாலம் படிப்பித்து வந்தேன். பிழை. அது நத்தையைத் தண்ணீருக்குள் மேல் அலகால் அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் கூர் நுனியை ஓட்டின் வாய்க்குள் நுழைத்து, சதையை ஓட்டோடு பிடித்திருக்கிற இடத்தில் அறுக்கிறது. தலையை இரண்டு தரம் உதறினால் சதை வெளியே. போன பிறகு நான் சேற்றில் இறங்கி அந்த ஓட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கழுவி மேசையில் வைத்திருக்கிறேன், என் பேத்தி அதில் அழிறப்பர் போட்டு வைக்கிறாள்.

இன்னொன்று ஆக்காட்டி. பாட்டில் கேட்டிருப்பீர்கள், முட்டையைக் கண்டிருக்க மாட்டீர்கள். காய்ந்த குளத்தரையில், மாட்டின் குளம்படிப் பள்ளமொன்றில் நாலு முட்டை. கூர்முனைகள் நாலும் உள்ளே பார்த்தபடி, தோடம்பழச் சுளை அடுக்கின மாதிரி. நிறம் காய்ந்த சேற்றின் நிறமேதான். ஒரு கவட்டுத் தூரத்தில் நின்றும் நான் தேடிக்கொண்டு நின்றேன். தாய் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்ற, நான் பின்னுக்கு வந்து ஒரு பாலைமர நிழலில் இருந்தேன். அது நேரே முட்டைக்கு வரவில்லை. தண்ணீருக்குப் போய், வயிற்று இறகை நனைத்து, ஈரத்தோடு ஓடி வந்து முட்டைமேல் இருந்தது. அந்த வெயிலில் முட்டைக்குச் சூடு தேவையில்லை, குளிர்ச்சிதான் தேவை. நாலு நாள் கழித்துப் போனேன். அந்த இடத்துக்கு மேலால் உழவு மெசின் சில்லுத் தடம் போயிருந்தது. மண் ஏற்றப் போனவர் குறுக்கு வழி எடுத்திருக்கிறார். யாரென்று தெரியாது, தெரிந்தாலும் என்ன சொல்வது. அவர் கண்ணுக்கு அது வெறும் தரை.

பறவையைத் தின்பவர்களைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் சொன்னார். சின்ன வயதில் நானும் காட்டுத்தாராக் கறி தின்றவன், ருசி இன்றும் நினைவிருக்கிறது. அதனால் உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை. நைலோன் வலை கட்டிவிட்டு மறந்து போகிறவனை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. தின்னவும் மாட்டான், அவிழ்க்கவும் மாட்டான்.

இனி என் தேவையைச் சொல்கிறேன்.

இங்கே நான் பறவை எழுதத் தொடங்கியது எண்பதுகளில், அப்பியாசக் கொப்பிகளில். 2008இல் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அரிசியும் பத்திரங்களும் வந்தன, கொப்பிகள் வரவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை. இன்று என்னிடம் இருப்பது 2011இலிருந்து. நான் இழந்தது பெரிதில்லை, எத்தனை பேர் எதையெதை இழந்தார்கள். ஆனால் பாருங்கள், அந்த ஆண்டுகளில் கொழும்பிலிருந்து பறவை எண்ணுகிறவர்களும் பெரும்பாலும் இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. எங்கள் குளங்களுக்கோ அதில் நிறைய வெற்றிடம். இப்போது வருகிறார்கள், நல்லது. அவர்கள் வருவதும் தையில்தான், குளம் நிறைந்து கிடக்கிற நேரம். ஆடியில் எழுத உள்ளூர் ஆள்தான் வேண்டும்.

பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன. வின்சென்ட் லெக் என்ற பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி, 1880இல் முடிந்த தன் இலங்கைப் பறவைகள் நூலில் பறவைகளுக்குச் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் கேட்டு எழுதி வைத்தார். குதிரையில் வந்த துரைக்குச் சொன்ன பெயரை எங்கள் பெரியவர்கள் உங்களுக்கும் சொல்வார்கள். கேட்க ஆள்தான் இல்லை. புலுனியைப் புலுனி என்று சொல்ல வெட்கப்பட்டு, புத்தகத்தில் உள்ள தவிட்டுக்குருவியை எழுதுகிற பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். இரண்டையும் எழுதுங்கள்.

கொப்பியில் நாலு நிரல் போதும்: திகதி, துருசடி மட்டக்கோலில் எத்தனை அடி, என்ன காற்று, என்ன பறவை. பெயர் தெரியாவிட்டால் "கால் சிவப்பு, கத்தினால் விசில் மாதிரி" என்று எழுதுங்கள். தண்ணீர் எத்தனை அடிக்கு இறங்கினால் எந்தப் பறவை வருகிறது என்று பத்து வருடத்துக்கு ஒரே இடத்தில் எழுதி வைத்தால், குளத்தை இன்னும் உயர்த்தலாமா, தண்ணீரை எங்கே கொண்டுபோகலாம் என்று அடுத்தமுறை கூட்டம் கூடும்போது கமக்காரரின் கணக்கோடு அலைகரையின் கணக்கையும் மேசையில் வைக்கலாம். இன்று அந்தக் கணக்கு ஒருவரிடமும் முழுதாக இல்லை. என் கொப்பியில் காய்ச்சல் வந்த நாட்கள் எல்லாம் ஓட்டை.

போன ஐப்பசியில் இரவு முழுக்க மழை. விடிய விறாந்தைக் கதவைத் திறந்தால் பேத்தியின் செருப்புக்குப் பக்கத்தில் பச்சை முதுகும் கண்ணில் கறுப்புப் பட்டியும் வாலடியில் சிவப்புமாக ஒன்று குந்தியிருந்தது. அவள் கிளி என்றாள். ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் இரவிரவாகப் பறந்து வந்து, இறங்கிய களைப்பில் வீடுகளுக்குள் புகுந்துவிடும். கடகத்தால் மூடி, பூனையைக் கட்டி வைத்தோம். பின்னேரம் திறந்துவிட, மாமரத்தடிச் சருகுக்குள் போய் நின்று, சரியாக ஆறு மணிக்கு ஒருதரம் கத்தியது.

இது புரட்டாதி. குளம் அடியில் கிடக்கிறது, வயல்களில் புழுதி விதைப்பு நடக்கிறது, உழவு மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாகப் போகின்றன. மழை விழ இன்னும் மூன்று, நாலு கிழமை இருக்கலாம். அதற்குள் வாருங்கள். சனிக்கிழமைகளில் விடிய ஐந்தரைக்குத் துருசடியில் என் சைக்கிள் நிற்கும், பின் கரியரில் உர பாக் கட்டினது. தனியே அலைகரைக்கு இறங்க வேண்டாம், யானை நிற்கிற காடு, பள்ளங்களில் முதலையும் உண்டு. வெள்ளைச் சட்டை போடாதீர்கள். தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுபோங்கள். பாட்டுப் பெட்டியை வீட்டில் விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார் ஒருவர்,
கிளிநொச்சி.

பி.கு.: இதை எழுதி முடித்த அன்று விடிய, மட்டம் பார்க்கப் போன வழியில், மின்கம்பியில் தகைவிலான் மூன்று. இந்த வருடத்து முதல் வரவு. காற்று இன்னும் சோளகம்தான்.